முழுநிலவும் வழியனுப்பும் விளக்கும்

தேய்ந்து குறைந்த பொருளுக்கு விடைகொடுப்பது எளிது. நிறைந்திருக்கும்போதே விடைகொடுக்க மனம் எளிதில் இசையாது. அப்படி நிறைவு நாளிலேயே வழியனுப்பும் வழக்கமொன்று திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தில் உள்ளது. அங்குள்ள தேவிநாயக்கன்பட்டியில் தைப்பூசத்தையொட்டிய பௌர்ணமி இரவில் ‘நிலாப்பெண்’ வழிபாடு நடைபெறுகிறது. ஊர்ச் சிறுமியருள் ஒருத்தியை நிலாப்பெண்ணாகத் தேர்ந்தெடுத்து, ஆவாரம்பூ மாலை சூட்டி, பூக்கூடையுடன் ஊருக்குள் அழைத்து வருவர். பெண்கள் இரவெல்லாம் கும்மியடித்துப் பாடுவர். விடியும் வேளையில் விளக்கேற்றி நீரில் விடுவர். மழையும் விளைச்சலும் வேண்டிச் செய்யும் இச்சடங்கில் வானியலும் வரலாறும் எவ்வாறு கலந்துள்ளன என்று காண்போம்.

ஏன் பௌர்ணமி?

திங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுகிறது. ஆகவே வளர்பிறை நிலவு விடியுமுன் மறைந்துவிடும். தேய்பிறை நிலவோ இருட்டிய பிறகே எழும். ஞாயிறு மறையும்போது எழுந்து, ஞாயிறு எழும்போது மறைவது முழுநிலவு மட்டுமே. மின்விளக்கு இல்லாத காலத்தில், ஊரே கூடி விழித்திருக்க ஏற்ற இரவு இதுதான்.

தைப் பௌர்ணமிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. முழுநிலவு எப்போதும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறம் நிற்கும். தை மாதத்தில் ஞாயிறு தெற்கே சாய்ந்திருப்பதால், நிலவு வடக்கே ஏறிப் பூச விண்மீனை அடுத்து நிற்கிறது. பூசம் வான நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 18 பாகையில் உள்ளது; வேடசந்தூரின் அட்சரேகை சுமார் 10½ பாகை. எனவே நள்ளிரவில் நிலவு ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் காலமும் அதுவே.

இந்த நிறைவு நிலைப்பதில்லை. ஏழு நாளில் அது அரைநிலவாகிவிடும். உருவம் பாதியானால் ஒளியும் பாதியாகும் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் முழுநிலவின் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அரைநிலவில் கிடைக்கும். சாய்வாக வெயில் விழும்போது திங்களின் மலைகளும் பள்ளங்களும் நெடிய நிழல்களைப் பரப்புவது இதற்கு முக்கியக் காரணம். முழுநிலவின்போது அந்நிழல்கள் நம் பார்வைக்குத் தெரிவதில்லை.

இலக்கியம் காட்டும் நிலவு

தமிழர் முழுநிலவைப் பிரிவோடு சேர்த்துப் பார்த்தது புதிதன்று. பறம்புமலைத் தலைவன் பாரி இறந்தபின், அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112-ஆம் பாடல் உள்ளது. சென்ற மாத நிலவில் தந்தையும் குன்றும் இருந்தன; இம்மாத நிலவில் இரண்டும் இல்லை என்பது அதன் கருத்து. நிலவு திரும்பி வந்தது, இழந்தவை வரவில்லை. திண்டுக்கல்லுக்குக் கிழக்கேயுள்ள பிரான்மலையே அந்தப் பறம்பு என்பர்.

மகளிர் வையையில் நீராடிய நோன்பைப் பரிபாடலின் 11-ஆம் பாடல் கூறுகிறது. அந்நோன்பும் நிறைமதி கூடிய ஆதிரை நாளையொட்டியதே. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய மயிலாப்பூர்ப் பதிகம், இறந்துபோன பூம்பாவையை நோக்கி, தைப்பூசம் முதலிய விழாக்களைக் காணாமல் போவாயோ என்று கேட்கிறது. இவற்றிலிருந்தே நிலாப்பெண் வழிபாடு பிறந்தது என்று முடிவுகட்டுதல் முறையன்று. எனினும் நிறைமதி, மகளிர், நீர், பிரிவு ஆகியவை தமிழ் மரபில் நெடுங்காலமாகவே அருகருகே நிற்பது தெளிவு.

பிறநாட்டிலும் இத்தகைய வழக்கம் உண்டு. ஒடிசாவில் கார்த்திகைப் பௌர்ணமியன்று, கடல்கடந்து சென்ற பழங்கால வணிகரின் நினைவாகச் சிறு படகுகளை நீரில் விடுகின்றனர். ஏறத்தாழ அதே பௌர்ணமியில் தாய்லாந்து மக்கள் விளக்கேற்றிய சிறு மிதவைகளை ஆற்றில் விட்டு, ஆண்டின் தீமைகள் அவற்றோடு போகட்டும் என வேண்டுகின்றனர்.

நிலவின் ஆற்றலா?

முழுநிலவு மனத்தை ஆட்டிவைக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. ராட்டன், கெல்லி என்னும் உளவியலார் 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 1985-இல் முடிவை வெளியிட்டனர். மனநோய், குற்றம் முதலியவற்றுக்கும் நிலவுக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு இல்லை என்பதே அம்முடிவு. ஆகவே, விளக்கை நீரில் விட்டபின் மனம் இலேசாவது நிலவொளியின் வேலையன்று. அண்டை அயலார் ஓரிடத்தில் கூடுவதும், துயரை ஒருங்கே பாடுவதும், விடைகொடுக்க ஒரு நாள் குறித்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது. நிலவு தரும் உதவி ஒன்றே: எவரும் மறக்க முடியாத நாட்காட்டியாக அது வானத்தில் நிற்கிறது.

இன்று ஊர்தோறும் மின்விளக்கு வந்துவிட்டது. ஒளிக்காக நிலவை எதிர்பார்ப்பார் இல்லை. ஆனால் இவ்வழக்கத்துக்கு நிலவைவிட முதன்மையாக வேண்டுவது நீர். ஆவாரை வறண்ட நிலத்திலும் பூத்துவிடும். விளக்கு மிதக்கவோ நீர்நிலையில் நீர் இருந்தாக வேண்டும். கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி வாழும் இச்சமவெளியில் விளக்குக்கு விடைகொடுக்கலாம், நீருக்கு விடைகொடுத்துவிடலாகாது.