தொலைக்காட்சிச் செய்திகளில் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்று

இன்ஃபுளுவென்சா பெருந்தொற்று முதன்முதலில் தொலைக்காட்சிச் செய்தியானது 1957இல் பரவிய ஆசியக் காய்ச்சலின்போதுதான். 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோய்க் காலத்தில் தொலைக்காட்சி இல்லை.

தொடக்கக் காலம்

1957 ஏப்ரலில் ஹாங்காங்கில் ஆசியக் காய்ச்சல் பரவுவதை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் மாரிஸ் ஹில்மன் நாளிதழில் படித்தே அறிந்தார். அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் மாலைச் செய்தி 15 நிமிடம்தான்; 1963இல்தான் சிபிஎஸ், என்பிசி நிறுவனங்கள் அதை அரை மணி நேரமாக்கின. 1968இல் ஹாங்காங் காய்ச்சல் பரவியபோது அந்த நேரத்தை வியட்நாம் போரும் அதிபர் தேர்தலும் நிரப்பின. இவ்விரு பெருந்தொற்றுகளிலும் உலகெங்கும் தலா சுமார் 10 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

1976: வராத பெருந்தொற்று

நியூ ஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சலால் ஒரு வீரர் இறந்ததையடுத்து, பெருந்தொற்று வரக்கூடும் என அஞ்சி, நாட்டு மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி போடும் திட்டத்தை அதிபர் ஜெரால்டு ஃபோர்டு மார்ச் 24 அன்று அறிவித்தார். அக்டோபரில் ஊசி போடத் தொடங்கிய சில நாள்களிலேயே, பிட்ஸ்பர்க்கில் ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் இறந்தனர். மூவரும் இதய நோயாளிகள். லட்சக்கணக்கான முதியவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அவர்களில் சிலர் வேறு காரணங்களால் அதே நாளில் இறப்பது இயல்பு. ஆனால் ‘ஊசி, அடுத்து மரணம்’ என்ற வரிசையில் செய்தி பரவவே, பல மாநிலங்கள் ஊசி போடுவதை நிறுத்திவைத்தன. அச்சம் தணிக்க, அக்டோபர் 14 அன்று தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் ஃபோர்டு ஊசி போட்டுக்கொண்டார். பின்னர் ஊசி போட்டுக்கொண்டோர் சிலருக்கு கியான்-பாரே என்னும் நரம்பு நோய் காணப்பட்டதால், டிசம்பரில் திட்டம் நின்றது. அதற்குள் 4 கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டிருந்தனர். எதிர்பார்த்த பெருந்தொற்று வரவேயில்லை.

24 மணி நேரச் செய்தி

1980இல் முழுநேரச் செய்தி அலைவரிசையான சிஎன்என் தொடங்கியதும் செய்திக்கு நேரக் கட்டுப்பாடு நீங்கியது. 2009 ஏப்ரலில் மெக்சிகோவில் எச்1என்1 காய்ச்சல் வெளிப்பட்டபோது, முகக்கவசக் கூட்டமும் இறப்பு எண்ணிக்கையும் நாள் முழுவதும் திரையில் ஓடின. இந்தியாவில் ஆகஸ்ட் 3 அன்று புனேயில் முதல் மரணம் நேர்ந்தது. அங்கு மருத்துவமனை வாசலில் பரிசோதனைக்காகக் காத்துநின்ற நீண்ட வரிசை நாடெங்கும் ஒளிபரப்பானது.

2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதுவரை ஆய்வகம் உறுதிசெய்த மரணங்கள் சுமார் 18,500. முதல் ஆண்டில் உண்மையில் இறந்தோர் 1.5 லட்சம் முதல் 5.75 லட்சம் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடு 2012இல் வெளியானது. சோதனைக்கே போகாமல் இறந்தவர்கள், திரையில் ஓடிய கணக்கில் இடம்பெறவில்லை.