ஊர் திரும்பிய சீருடை

போகும்போது உழவன் மகன். திரும்பும்போது சர்க்கார் சிப்பாய்! முறுக்கிய தலைப்பாகை, மின்னும் பித்தளைப் பொத்தான், நிமிர்ந்த நடை, மடியிலே வெள்ளி ரூபாய். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சாபின் ஜீலம், ராவல்பிண்டி மாவட்டச் சிற்றூர்கள் கண்டு பழகிய காட்சி இது. விடுப்பில் வந்தவன் தனியே திரும்பினால் போதாது. தம்பியையோ, மைத்துனனையோ, பக்கத்து வயல்காரனையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது படையின் எதிர்பார்ப்பு. உறவு நாடி வந்தான் என்று ஊர் எண்ணிற்று. அவன் வந்ததோ, ஆள் நாடி!

அந்தச் சிப்பாயை நாம் பழிக்கவில்லை. அவன் மாதச் சம்பளம் 11 ரூபாய். 1917 வரையில் உணவுச் செலவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். எனினும், கடனிலே அமிழ்ந்த குடியானவன் வீட்டுக்கு அது விளக்கேற்றும் பணம். நாம் கேட்பது வேறு. ஆயிரம் அதிகாரிகளைக் கையிலே வைத்திருந்த அரசு, ஆள் திரட்ட அண்ணனையும் மாமனையும் ஏன் அனுப்பிற்று?

அதிகாரி அழைத்தால் ஐயம் எழும். அண்ணன் அழைத்தால் அன்பு எழும். ஐயம் கேள்வி கேட்கும், அன்பு கேளாது. சூழ்ச்சியின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

அதற்குச் சாதியும் துணை நின்றது. 'வீர இனம்' என்றும் 'வீரமற்ற இனம்' என்றும் இந்நாட்டு மக்களைத் தரம் பிரித்தது வெள்ளை ஆட்சி. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாயிடம் வீரம் குன்றிவிட்டது என்று தீர்ப்பளித்தவர். வகுப்புக்கு ஒரு கம்பெனி. அந்த வகுப்புச் சிப்பாய் தன் ஊர் சென்று தன் வகுப்பாரையே கொண்டு வருவான். மனு கிழித்த கோட்டின்மீது துரைமார் மறுபடியும் மை தீட்டினர்!

அந்தத் தத்துவம் போரிலே என்னவாயிற்று? ஆள் பஞ்சம் வந்ததும் கோடு அழிந்தது. வீரமற்றவர் என்று விலக்கப்பட்ட மகார் மக்களைக் கொண்டே 1917-ல் 111-ஆம் மகார் படை அமைக்கப்பட்டது. போர் முடிந்து, 1921-ல் அதே படை கலைக்கப்பட்டது. தேவைப்பட்டபோது வீரம் பிறந்தது. தேவை தீர்ந்ததும் சாதி திரும்பிற்று! பிறவி வீரம் பேசுவோர் இதற்கு என்ன விடை பகர்வர்?

ஊருக்கு வந்த புதுச் சிப்பாய் பயிற்சியைக் கண்டவன். பதுங்குகுழியைக் கண்டவன் அல்லன். கண்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய இந்தியப் படை, 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நவ்சப்பேல் போரில் மட்டும், மாண்டவரும் காயமுற்றவரும் காணாமற்போனவருமாக 4,000 பேருக்கு மேல் இழந்தது. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தனர். "படையில் சேராதே" என்று தம்பிக்கு எழுத விரும்பிய அண்ணன், மறைமொழியை நாடினான். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். செம்மிளகு என்றால் வெள்ளைச் சிப்பாய். மளிகைக் கணக்கின் போர்வையிலே மரணக் கணக்கு எழுதப்பட்டது! தணிக்கையாளர் அந்த மறைமொழியையும் கண்டுகொண்டனர்.

மீர் தஸ்த் என்ற ஜமேதார், 1915 ஏப்ரலில் ஈப்ர போர்க்களத்தில் நச்சுப்புகைக்கு நடுவே காட்டிய துணிவுக்காக விக்டோரியா சிலுவை பெற்றவர். அந்த ஆண்டு ஆகஸ்டில், பிரைட்டன் அரண்மனை மருத்துவமனைக்கு வந்து மன்னரே பதக்கம் அணிவித்தார். அவரோ, காயமுற்றுத் தேறியவர்களை மறுபடியும் போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்று மன்னரிடம் முறையிட்டார். பதக்கத்தின் புகழ் நாடெங்கும் பரப்பப்பட்டது; முறையீடு அப்படிப் பரப்பப்படவில்லை.

தோழர்களே! பயிற்சியை மட்டும் பார்த்தவனுக்கு ஊர் செல்லச் சீட்டு; போரைப் பார்த்தவன் கடிதத்துக்குத் தணிக்கை. சாட்சியைத் தேர்ந்தெடுத்தவனே தீர்ப்பையும் எழுதிக்கொண்டான்.

பாசமும் பணமும் போதாதபோது மிரட்டல் வந்தது. 1918-ல் பஞ்சாபுக்கு இரண்டு லட்சம் பேர் என்று அளவு விதிக்கப்பட்டது. ஊர்தோறும் பங்கு பிரிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் அம்மாநிலம் தந்த போர்வீரர் ஏறத்தாழ 3,50,000 பேர். கிடைத்த பரிசு? 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக்!

கதை அத்தோடு முடியவில்லை. 1973-ல் கட்டாயப் படைச்சேர்க்கையைக் கைவிட்ட அமெரிக்கா, பயிற்சி முடித்த புதுச் சிப்பாய்களைச் சில நாட்கள் சொந்த ஊருக்கே அனுப்பி, பள்ளித் தோழர்களிடையே பேசச் செய்வதைத் திட்டமாகவே வகுத்தது. 2022-ல் அதன் தரைப்படை தன் சேர்க்கை இலக்கில் ஏறத்தாழ 15,000 பேர் குறைந்து நின்றது. அடுத்த ஆண்டு, ஆள் கொண்டுவரும் இளஞ்சிப்பாய்க்குப் பதவி உயர்வு தர முன்வந்தது. அங்கே மனுவும் இல்லை, மன்னரும் இல்லை. எனினும், போர் என்னவென்று அறியாத இளைஞனே போருக்கு அழைக்கும் தூதன்!

படையில் சேர்வதும் சேராததும் அவரவர் முடிவு. முடிவெடுக்குமுன் கேள்வி கேட்பது பகுத்தறிவின் உரிமை. சீருடை அணிந்து வருபவன் நம் அண்ணனே ஆனாலும், அன்போடு அமர்த்திக் கேட்போம்: "அண்ணே, நீ சொல்வதில் எதை நேரில் கண்டாய்? உன்னை அனுப்பியவர் யார்? உனக்கு முன்னே போனவர் என்ன சொல்கிறார்?"

அந்த மூன்று கேள்விகளை அன்றைய ஜீலத்துச் சிற்றூர்கள் கேட்டிருந்தால், விடை கருமிளகுக் கடிதத்தில் இருந்தது.