சாய்ந்த ஃப்ரெட்டும் யாழ்முரியும்

போன மாதம் ஒரு கிடார் வாங்கினேன். எலெக்ட்ரிக், ஏழு தந்தி, மல்ட்டி-ஸ்கேல். அதாவது ஃப்ரெட்கள் நேர்க்கோடாக இல்லாமல் விசிறி மாதிரி விரிந்து கிடக்கும். வீட்டில் பார்த்தவுடன் வந்த முதல் கேள்வி: "என்னங்க கோணலா இருக்கு, டேமேஜ் பீஸைத் தலையில கட்டிட்டாங்களா?" அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பதிலைத் தேடப் போய் சம்பந்தர் காலம் வரை போய்விட்டேன்.

முதலில் கணக்கு. சாதாரண கிடாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். ஏழாவது தந்தி அதற்கும் கீழே, சுமார் 62 ஹெர்ட்ஸ். ஒரு தந்தியின் சுருதியைத் தீர்மானிப்பவை மூன்று: நீளம், கனம், இழுவிசை. நீளத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் இறக்கினால் தந்தி தொளதொளவென்று ஆகிவிடும். சரி, கனத்தைக் கூட்டலாம் என்றால் கம்பி விறைத்துக்கொண்டு நாதம் மங்கிப்போகும். எல்லாத் தந்தியையும் நீளமாக்கினால், மெல்லிய தந்திகள் முறுக்கேறி, இழுத்துக் கமகம் கொடுக்க விரல் ஒத்துழைக்காது. அதனால்தான் இந்தக் கிடாரில் மெல்லிய தந்திக்கு 25.5 அங்குலம், தடித்த தந்திக்கு 27 அங்குலம். அதே கம்பி, அதே சுருதி, ஒன்றரை அங்குலம் மட்டும் கூடுதல் என்றால் இழுவிசை 12 சதவீதம் ஏறும். (இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். போட்டுப் பாருங்கள்.) நீளம் வேறு வேறு என்றால் ஃப்ரெட் சாய்ந்துதானே ஆகவேண்டும்?

இது புது யோசனை இல்லை. 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆர்ஃபாரியன் என்று ஒரு உலோகத் தந்தி வாத்தியம் இருந்தது. அதிலேயே ஃப்ரெட்கள் சாய்ந்திருக்கும். அமெரிக்காவில் ரால்ஃப் நோவாக் இதைக் கிடாருக்குக் கொண்டுவந்து 1989இல் காப்புரிமை வாங்கினார். ஏழு தந்தி தனிக் கதை. 1930களின் கடைசியிலேயே ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் அதை வாசித்திருக்கிறார். ஸ்டீவ் வைக்காக ஐபனேஸ் 1990இல் யுனிவர்ஸ் மாடலை வெளியிட்டபின் அது ராக் பக்கம் பரவியது. நம்மூரிலும் உதாரணம் உண்டு. மேண்டலினில் வழக்கமாக நான்கு ஜோடி, எட்டுத் தந்தி. மேண்டலின் ஸ்ரீநிவாஸ் அதை ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் ஆக்கிக்கொண்டார். ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு நீளம் என்று நோட்டில் எழுதும்போதுதான் யாழ் ஞாபகம் வந்தது. யாழில் எந்த இரண்டு தந்தியும் ஒரே நீளம் இல்லை. வளைந்த தண்டு, கீழே தோல் போர்த்திய பத்தர், நடுவில் குட்டையிலிருந்து நெட்டைவரை தந்திகள். பேரியாழுக்கு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்பது மரபுக் கணக்கு. திருவண்ணாமலைக்காரனுக்கு இது தூரத்துச் சமாசாரமும் இல்லை. மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். இங்கிருந்து பெங்களூர் ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அவனைப் பார்க்கப் போகும் கூத்தர்கள் முழவு, ஆகுளி, குழல் எல்லாவற்றையும் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போவதில்தான் அந்தப் பாட்டே தொடங்குகிறது. அந்தப் பைக்குப் பெயர் கலப்பை. காய்த்துத் தொங்கும் பலா மாதிரி இருந்ததாம். அதன் பிறகு பேரியாழின் வர்ணனை.

இதைச் சொன்னவுடன் ஒரு நண்பர், "அப்போ மல்ட்டி-ஸ்கேல் நம்ம கண்டுபிடிப்புன்னு எழுதிடு" என்றார். எழுத மாட்டேன். வில் வடிவ யாழ்கள் எகிப்திலும் மெசபடோமியாவிலும் இருந்தன. பர்மாவில் சவுங் என்ற பெயரில் இன்னும் வாசிக்கிறார்கள். முக்கியமாக, யாழில் ஃப்ரெட் கிடையாது. ஒரு தந்திக்கு ஒரு சுரம். கிடாருக்கு அது பாட்டன் ஆகாது. ஆனால் இரண்டும் முட்டி மோதிய சுவர் ஒன்றுதான்.

அந்தச் சுவரைக் காட்டும் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், இவர் வாசிப்பதால்தான் பதிகத்துக்கே புகழ் என்று பேச, யாழ்ப்பாணர் துடித்துப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரிடம் வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார். யாழ்ப்பாணரால் வாசிக்க முடியவில்லை. யாழை உடைக்கவே போய்விடுகிறார். சம்பந்தர் தடுத்து, முடிந்த அளவு வாசியுங்கள் என்கிறார். முதல் திருமுறையின் கடைசியில், 136ஆவதாக இருக்கிறது அந்தப் பதிகம். பண்ணின் பெயரே யாழ்முரி. நம் அண்ணாமலைப் பதிகங்கள் இரண்டும் அதே திருமுறையில்தான் இருக்கின்றன.

சுரங்களுக்கு நடுவே குரல் வளைந்து போகும் இடத்தில்தான் யாழ் தோற்றது என்பது என் வாசிப்பு. பிறகு மெட்டு வைத்த வீணை ஜெயித்தது. இன்றைய வடிவத்தைத் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அதற்கும் ஏழு தந்தி, 24 மெட்டு. என் கிடாருக்கும் அதே எண்ணிக்கைதான், தற்செயல்! மெட்டு வந்ததும் கமகம் கைக்கு வந்தது. ஆனால் வாசிக்கும் தந்திகள் நான்கும் ஒரே நீளத்துக்குக் கட்டுப்பட்டன. சாய்ந்த ஃப்ரெட் அந்தப் பழைய நீளச் சுதந்திரத்தை மெட்டை விடாமலே கொஞ்சம் திரும்ப வாங்கித் தருகிறது. கொஞ்சம்தான், ஒன்றரை அங்குலம்.

விஞ்ஞானப் பட்டதாரியான விபுலானந்த அடிகள் தந்தி நீளத்தையும் சுருதியையும் கணக்குப் போட்டுத்தான் 'யாழ்நூல்' எழுதினார். 1947 ஜூனில் அரங்கேற்றம், ஜூலையில் மறைந்துவிட்டார். இரவில் வீடு தூங்கியபின் ஹெட்ஃபோனில் ஏழாவது தந்தியைத் தட்டும்போது அவர் ஞாபகம் வருகிறது.

வீட்டுக்காரம்மாவுக்கு இவ்வளவும் சொன்னேன். "சரி, வாசிக்கத் தெரியுமா?" என்றார். தருமபுரப் பதிகத்தின் முதல் அடியை இழுத்துப் பார்க்கிறேன். முடிந்த அளவு வருகிறது.

சென்னையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது திண்டிவனம் தாண்டி கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "என்ன சார் இது, வீணையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.