பிராஷெர்: ஒரு மலைக்கிராமமும் அதன் தெக்கேயும்

தெற்கு அல்பேனியாவில், பெர்மெத் நகருக்கு வடகிழக்கே மலைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சின்னக் கிராமம் பிராஷெர். ஆஷ் மரத்துக்கு அல்பேனிய மொழியில் வழங்கும் பெயரே ஊருக்கும் பெயர். முஸ்லிம் பேக்குகளின் வீடுகளும் விவசாயிகளின் வயல்களும் கொண்ட ஊர் இது. பால்கன் மலைகளில் ஆடு மேய்த்துத் திரிந்த பர்ஷெரோத் என்ற விலாக் கிறிஸ்தவக் கூட்டத்தாரின் பெயரும் இவ்வூரிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

ஊரின் இதயம் அங்குள்ள தெக்கே. எங்கட பக்கத்தில் தைக்கா, தக்கியா எண்டு சொல்கிறோமே, அதே சொல்தான் துருக்கி வழியாக அங்கே தெக்கே ஆகியிருக்கிறது. நஸீபி தாஹிர் பாபா நிறுவிய பெக்தாஷித் தெக்கே அது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் பெக்தாஷித் தரீக்காவைத் தடைசெய்தார். ஆனாலும் இந்த மலைகளில் அது அழியவில்லை.

அப்துல் (1839), நயீம் (1846), ஸாமி (1850) ஆகிய மூன்று சகோதரர்கள் பிறந்தது இவ்வூரில்தான். நயீம் சிறுவயதில் ஓதிப் படித்தது இந்தத் தெக்கேயில். வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பிறகு, 1865இல் குடும்பம் யான்யா நகருக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் அல்பேனிய மொழிக்குப் பொதுவான எழுத்து இல்லை. முஸ்லிம்கள் அரபு எழுத்தில் எழுதினார்கள், ஓர்த்தடொக்ஸ் மக்கள் கிரேக்க எழுத்தில், வடக்கின் கத்தோலிக்கர் லத்தீனில். ஒரே மொழி பேசியும் ஒருவர் கடிதத்தை மற்றவர் வாசிக்க முடியாட்டி, அவர்களை ஒரு சமூகம் எண்டு எப்படிச் சொல்வது? 1878இல் அப்துல் பிரிஸ்ரென் கழகத்தின் தலைவர்களுள் ஒருவரானார். அடுத்த ஆண்டே, லத்தீனை அடிப்படையாகக் கொண்டு 36 எழுத்துகள் உள்ள நெடுங்கணக்கை ஸாமி வகுத்தார். துருக்கி மொழியின் பேரகராதியான காமூஸே துர்க்கியைத் தொகுத்தவரும் இதே ஸாமிதான். மொழிப்பற்றும் பிற மொழிப் புலமையும் அவரிடம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவில்லை. நயீமோ 1898இல் கர்பலாவைத் தாய்மொழியிலேயே காவியமாக்கினார்.

1967இல் அல்பேனிய அரசு மதத்தையே தடைசெய்தது. பள்ளிவாசல், தேவாலயம், தெக்கே எல்லாம் மூடப்பட்டன. சகோதரர்களைத் தேசிய வீரர்களாகக் கொண்டாடிய அதே அரசு, அவர்களை வளர்த்த தெக்கேக்குப் பூட்டுப் போட்டது. 1990இல் அந்தத் தடை நீங்கியது.

இன்று சகோதரர்களின் வீடு நூதனசாலையாக இருக்கிறது. தெக்கேயும் திறந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிராஷெர் விளங்கும்.