திரையிடலுக்குப் பின் எழுந்த குரல்கள்: தமிழ்க் குறும்பட வரலாற்றில் பார்வையாளர் எதிர்வினையும் சான்றாதாரச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த செலவில் உருவாகும் தனிமுயற்சிக் குறும்படங்கள் பார்வையாளரின் கருத்தை எவ்வெவ்வழிகளில் பெற்றன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திரைப்படச் சங்கக் கலந்துரையாடல், தொலைக்காட்சி நடுவர் மேடை, இணையப் பார்வை எண்ணிக்கை ஆகிய மூன்று நிலைகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பதிவாகி நிலைத்த எதிர்வினைகளை மட்டுமே சான்றாகக் கொள்வதால் தமிழ்க் குறும்பட வரலாறு ஒருபக்கமாகச் சாய்ந்துள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம். தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம் போன்ற சிற்றூர்களின் பார்வையாளர் அவ்வரலாற்றில் இடம்பெறுவதற்கான வழி இறுதிப் பகுதியில் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறும்படம், பார்வையாளர் எதிர்வினை, திரைப்படச் சங்கம், காஞ்சனை, நாளைய இயக்குநர், திருவேங்கடம்

முன்னுரை

தனிமுயற்சிக் குறும்படத்துக்கு வசூல் கணக்கு இல்லை. விநியோகிப்பாளரின் அறிக்கையோ, நாளிதழ் விமர்சனமோ பெரும்பாலும் வாய்ப்பதில்லை. திரையிட்ட இடத்தில் பார்த்தவர் சொன்ன சொல் ஒன்றே அப்படத்தின் வரவேற்புக்குச் சான்று. அச்சொல்லோ பேச்சுவழக்கில் பிறந்து, நாற்காலிகளை அடுக்கிவைக்கும் ஓசையில் மறைந்துவிடுகிறது. படம் வட்டிலோ இணையத்திலோ எஞ்சுகிறது. படம் கேட்ட மறுமொழி எஞ்சுவதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திரையிடலுக்கு வருவோரில் நண்பர், உறவினர், படத்தில் பணியாற்றியோர் ஆகியோரே மிகுதி. அழைத்தவர் முன்னிலையில் குறை கூறுவது நம் ஊர்களில் பண்பாகக் கருதப்படுவதில்லை. ‘நல்லா இருந்துச்சு’ என்பது பல வேளைகளில் திருமண வீட்டில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லுக்கு நிகரானது. எனவே எதிர்வினையை ஆராய்பவர் என்ன சொல்லப்பட்டது என்பதற்கு முன்பாக, யாரிடம், எந்த இடத்தில், எந்த உறவின் பெயரால் கேட்கப்பட்டது என்பதை அறிய வேண்டியுள்ளது.

எழுதிக் கேட்கப்பட்ட கருத்து

இந்தியாவில் திரைப்படம் பற்றிய கருத்துகளைத் திரட்டிய முதல் பெருமுயற்சி அரசினுடையது. 1927–28இல் சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் இயங்கிய இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு 4,325 வினாப்படிவங்களை அனுப்பியது. 353 பேரிடம் நேரில் சாட்சியம் பெற்றது. அவர்களுள் பெரும்பாலோர் திரைத்தொழிலினர், அதிகாரிகள், கல்வியாளர்கள், பொதுவாழ்வில் இருந்தோர். சுவாமிக்கண்ணு வின்சென்ட் 1905இலிருந்து ஊர் ஊராகக் கொண்டுசென்ற கூடாரக் காட்சிகளில் தரையில் அமர்ந்து பார்த்தவர்களைப் பற்றிப் பிறர் பேசினர். பார்வையாளர் பேசப்படும் பொருளாக இருப்பதும் தாமே பேசுபவராக இருப்பதும் வேறுவேறு. இவ்வேறுபாடு பின்னரும் தொடர்ந்தது.

எழுத்தில் பெறப்பட்ட கருத்து எத்தகைய தீங்கையும் பயனையும் தரும் என்பதற்கு அமெரிக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ 1942 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பொமோனா நகரில் முன்னோட்டமாகக் காட்டப்பட்டது. பார்வையாளரிடம் பெற்ற கருத்துச் சீட்டுகளில் கண்டனம் மிகுந்திருந்தது. தயாரிப்பு நிறுவனம் படத்தில் நாற்பது நிமிடங்களுக்கும் மேலாக வெட்டியது, முடிவையும் மாற்றியது. ஆனால் அச்சீட்டுகளில் பாராட்டும் கணிசமாக இருந்ததைப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்ட முடிந்தது. நிறுவனம் செய்த வாசிப்பை மறுக்கத் தேவையான ஆவணம் சீட்டுவடிவில் கிடைத்தது என்பதே காரணம். தமிழ்க் குறும்படத் திரையிடல்களுக்கு இத்தகைய சீட்டுக் கட்டு பெரும்பாலும் இல்லை.

நெல்லையும் கணவாய்க்கு அப்பாலும்

1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தாவில் தொடங்கிய திரைப்படச் சங்கமும், 1959இல் அமைந்த இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பும் படம் முடிந்தபின் பேசும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பின. அப்பேச்சு பெரும்பாலும் அயல்மொழிப் படங்களைப் பற்றியது. இயக்குநர் அங்கு இருக்கமாட்டார். கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை.

இந்நிலை மாறிய இடம் செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் உள்ளது. ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) என்ற தமிழ்ப்படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம் 1984இல் நண்பர்களுடன் ஒடேசா என்னும் அமைப்பைக் கேரளத்தில் உருவாக்கினார். ஊர்தோறும் படங்களைத் திரையிட்டு மக்களிடம் திரட்டிய பணத்தில் ‘அம்ம அறியான்’ (1986) எடுக்கப்பட்டது. பின்பு அதுவும் ஊர்தோறும் காட்டப்பட்டது. இங்குப் பார்வையாளர் பணம் தந்தவரும் ஆவார். எனவே அவர் கேட்கும் கேள்விக்கு வேறு எடை இருந்தது. பணம் தந்தவர் குறை கூறத் தயங்குவதில்லை என்பது குடும்ப வாழ்விலும் காணக்கூடியதே.

கணவாய்க்கு இப்பால், திருநெல்வேலியில் ஆர்.ஆர். சீனிவாசன் முன்னின்று நடத்திய காஞ்சனை திரைப்பட இயக்கம் இவ்வட்டாரத்துக்கு முதன்மையானது. புதுமைப்பித்தனின் கதைத்தலைப்பை நினைவூட்டும் பெயரைத் தாங்கிய அவ்வியக்கத்தின் பின்புலத்திலிருந்து ‘நதியின் மரணம்’ (1999) என்னும் ஆவணப்படம் வந்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தைக் காவல்துறை தாக்கியதில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு கைக்குழந்தையும் அடங்கும். அச்சத்தில் ஆற்றில் குதித்து மூழ்கினர் என்ற விளக்கத்துக்கும் அடித்துத் தள்ளப்பட்டனர் என்ற குற்றச்சாட்டுக்கும் இடையே சர்ச்சை நடந்துகொண்டிருந்த காலத்தில் இப்படம் வெளிவந்தது. அதைப் பார்த்தோர்முன் இருந்த கேள்வி, காட்டப்பட்டது நடந்ததா என்பது. ஒளிப்பதிவின் நேர்த்தி பற்றிய கேள்வி அதற்குப் பின்னரே வரும். குறும்பட ஆய்வுகள் ‘எதிர்வினை’ என்ற ஒற்றைச்சொல்லால் இவ்விரண்டையும் சுட்டுவது போதாது. முன்னதில் பார்வையாளர் சாட்சியின் நிலையில் இருக்கிறார். பின்னதில் சுவைஞராக இருக்கிறார்.

திருவேங்கடம் அன்று இதே திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டபோது அதனுள் வந்தது. கரிசல் சூழ்ந்த இவ்வூரை அடுத்துள்ள சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைத்த சிறுவரைப் பற்றிச் சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) அனைத்துலக அரங்குகளில் பேசப்பட்டது. விடியுமுன் பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகளின் ஊர்களும் கரிசல் ஊர்களே. அவ்வூர்களில் ஒரு தாய் அப்படத்தைப் பார்த்துச் சொல்லும் சொல், விழா அரங்கின் கைதட்டலைவிட வரலாற்றுக்கு மிகுந்த பயன் தரும்.

மதுரையில் ஆர்.பி. அமுதனின் ‘மறுபக்கம்’ 1998 முதல் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா, ‘நிழல்’ இதழ், சென்னையில் ‘தமிழ் ஸ்டுடியோ’ நடத்திய குறும்பட வட்டம், தமுஎகச வழங்கும் குறும்பட விருதுகள் ஆகியவை இம்மரபின் தொடர்ச்சி. இயக்குநரை முன்னிறுத்திக் கேள்வி கேட்கும் முறை இவற்றால் நிலைபெற்றது. ஆயினும் ஒரு தொழில்நுட்ப எல்லை இருந்தது. பி. லெனினின் ‘நாக் அவுட்’ (1992) போன்ற படங்கள் உருவான படச்சுருள் காலத்தில், அச்சுப்படி எடுத்தபின் மாற்றுவது பெருஞ்செலவு. எனவே அரங்கில் சொல்லப்பட்ட குறை அடுத்த படத்துக்கே உதவியது. எண்ணிமப் படத்தொகுப்பு பரவிய பின்னரே, முடிவுறாத வடிவத்தைச் சிலருக்குக் காட்டி, அவர்கள் சலித்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாளே வெட்டித் திருத்துவது எளியவர்க்கும் இயன்றது. கருத்துக்கேட்பு சடங்காக இல்லாமல் படைப்பின் ஒரு படியாக மாறியது இப்போதுதான்.

நடுவர் மேடையும் எண்ணிக்கையும்

2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி குறும்படத்துக்கான எதிர்வினையையே காட்சிப்பொருளாக்கியது. படம் ஓடும், பின்பு நடுவர் பேசுவர். முதல் பருவத்தில் மதன், பிரதாப் போத்தன் ஆகியோர் நடுவராக இருந்தனர். நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன் முதலியோர் இம்மேடை வழியாக வந்து, ‘காதலில் சொதப்புவது எப்படி’ (2012), ‘பீட்சா’ (2012), ‘சூது கவ்வும்’ (2013) ஆகிய முழுநீளப் படங்களைத் தந்தனர். ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’ (2014) குறும்படமாக இருந்து வளர்ந்தது.

இந்நிகழ்ச்சியின் பங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. திரைக்கதைச் செறிவு, நேர அளவு, நடிப்பு ஆகியவற்றில் வெளிப்படையான திறனாய்வை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது அது. ஆனால் அங்கு எழுந்த கேள்வி பெரும்பாலும் தொழிலின் கேள்வி: இவரால் முழுநீளப் படம் இயக்க முடியுமா? குறும்படம் நுழைவுத்தேர்வாகவும் பார்வையாளர் தேர்வைக் காண வந்தவராகவும் ஆயினர். இன்று தமிழ்க் குறும்பட வரலாறு எழுதுவோர் பலர் 2009ஐத் தோற்றுவாயாகக் கொள்வதற்கு ஒரு காரணம், அம்மேடையின் பேச்சு ஒளிப்பதிவாக எஞ்சியிருப்பதே. நெல்லையிலும் மதுரையிலும் சிறு அரங்குகளில் நடந்த பேச்சு அவ்வாறு எஞ்சவில்லை. முந்தையது இல்லாமல் போகவில்லை, பதிவாகாமல் போயிற்று.

இணையம் இக்குறையைத் தீர்த்ததாகத் தோன்றும். யூடியூபில் இடப்படும் படத்துக்குக் கருத்துகள் எழுத்திலேயே குவிகின்றன. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) திரையிடல்களுக்குப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்தபோது, அப்படம் இணையத்தில் ஏற்றப்பட்டு மக்களைச் சென்றடைந்தது. அது பெரும்பேறு. எனினும் அக்கருத்தை எழுதியவர் எந்த ஊரினர், படத்தை முழுதும் பார்த்தாரா, அருகில் யார் இருந்தனர் என்பன தெரிவதில்லை. திருவேங்கடத்தில் கைப்பேசியில் பார்த்தவரும் டொரன்டோவில் பார்த்தவரும் ஒரே எண்ணிக்கையில் கரைகின்றனர். 2021 நவம்பரில் யூடியூப் ‘பிடிக்கவில்லை’ என்பதன் எண்ணிக்கையைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தது. படைப்பாளர் மட்டும் அதைக் காணலாம். புறத்தேயிருந்து ஆராய்பவர்க்கு மறுப்பின் அளவு அன்றிலிருந்து மங்கலாயிற்று.

திருவேங்கடத்தில் திரையிடும்போது

மேற்கண்ட வரலாறு நடைமுறைக் கேள்வி ஒன்றை எழுப்புகிறது. திருவேங்கடத்தில் ஒரு குறும்படம் காட்டப்படுமானால், அங்கு எழும் எதிர்வினை முப்பது ஆண்டுகளுக்குப் பின் வருபவர்க்குச் சான்றாக எவ்வாறு நிற்கும்? வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் நாட்டார் வழக்காற்றியலில் ஒலிப்பதிவும் எழுத்துப்பெயர்ப்பும் செய்து பழகியவை. கதைசொல்லியின் பெயர், ஊர், சூழல், கேட்போர் யார் என்பனவற்றைக் குறிக்காமல் அவை ஒரு கதையையும் சேகரிப்பதில்லை. அதே ஒழுங்கைத் திரையிடலுக்கும் பொருத்தலாம். புதிய முறையியல் ஒன்றும் தேவையில்லை.

படம் பிடித்ததா என்ற வினாவைத் தவிர்ப்பது நலம். மரியாதையான ஒரே விடைதான் அதற்கு உண்டு. கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது பயன்மிக்கது. பார்வையாளர் விட்டுவிடும் காட்சி அவரைத் தொடாத காட்சி. அவர் கூட்டிச் சேர்ப்பது படத்தில் அவர் எதிர்பார்த்தது. இயக்குநர் வெளியே சென்றபின் ஒரு சுற்றும், அவர் திரும்பியபின் ஒரு சுற்றும் பேசவைத்தால் இரண்டுக்கும் இடையே சொற்கள் மாறுவதைக் காணலாம். பெண்கள் பின்வரிசையில் தமக்குள் பேசிக்கொள்வது ஒலிவாங்கி முன் வருவதில்லை. அதை அவர்கள் இசைவுடன் தனியே பதிய வேண்டும்.

சிரிப்பு எழுந்த நிமிடம், அமைதி நீண்ட நிமிடம், எழுந்து சென்றோர் எண்ணிக்கை ஆகியவையும் குறிப்பில் இடம்பெற வேண்டும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்தவரையும் படம் பிடிக்காமல் எழுந்தவரையும் பிரித்தறிய, அன்று சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் பேருந்து புறப்பட்ட நேரத்தையும் அருகில் எழுதிவைக்க வேண்டும்.