இமியூல்

இமியூல், விண்டோஸ் கணினிகளுக்கான கட்டற்ற கோப்புப் பகிர்வு நிரல். 'மியூல்' என்றால் கோவேறு கழுதை. பெயரிலேயே வம்சம் தெரிகிறது. ஜெட் மெக்கேலப் 2000இல் வெளியிட்ட 'இடாங்கி2000' (டாங்கி என்றால் கழுதை) மனநிறைவு தராததால், ஜெர்மனியின் ஹென்ட்ரிக் பிரைட்க்ராய்ட்ஸ் அதே வலையமைப்பில் இயங்கும் இன்னொரு நிரலை 2002 மே 13 அன்று எழுதத் தொடங்கினார். ஜூலை 6இல் மூலநிரல் வெளியானது. அதைப் பார்த்துப் பலரும் திருத்தினார்கள். லினக்ஸுக்கு 'ஏமியூல்' 2003இல் பிறந்தது.

இமியூல் ஒரு கோப்பை 9.28 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கும். குறுவட்டு அளவிலான 700 மெகாபைட் கோப்புக்கு 76 துண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நாட்டிலிருந்து வரலாம்.

கேட்போர் வரிசையில் காத்திருக்க வேண்டும். 2002 செப்டம்பரில் சேர்ந்த மதிப்பு முறைதான் இந்த நிரலின் தனிச்சிறப்பு. நம் வீட்டுக் கல்யாண மொய் நோட்டைப் போன்றது அது. கொடுத்தவர் எழுதி வைப்பதில்லை, வாங்கியவர் கணினி குறித்து வைக்கிறது. கொடுத்தவர் திரும்பக் கேட்டு வரும்போது வரிசையில் 10 மடங்கு வரை முன்னுரிமை கிடைக்கும்.

மலேசியாவின் சிலிபினில் தொலைபேசிக் கம்பி வழியே ஸ்ட்ரீமிக்ஸ் என்ற இணைய இணைப்பை எடுத்த வீடுகளுக்கு இந்த முறை எளிதாக இருக்கவில்லை. அந்த இணைப்பில் பதிவேற்ற வேகம் குறைவாக இருந்தது. அதையும் வினாடிக்கு 4 கிலோபைட்டுக்குக் கீழே சுருக்கினால், பதிவிறக்கம் அதன் மூன்று மடங்கைத் தாண்டாதபடி நிரலே கட்டிப்போடும். சரியான ஏற்பாடுதான். திரையில் ஒரு பட்டை: வந்து சேர்ந்த துண்டு கறுப்பு, பிறரிடம் கிடைப்பது நீலம், அப்போது இணைப்பில் உள்ள யாரிடமும் இல்லாதது சிவப்பு. கடைசித் துண்டு சிவப்பாகவே நின்றால், அதை வைத்திருக்கும் யாரோ ஒருவர் கணினியைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தொடக்கத்தில் யாரிடம் எது உள்ளது என்பதை வழங்கிகளே சொல்லின. 2006 பிப்ரவரியில் பெல்ஜியக் காவல்துறை ரேசர்பேக்2 என்னும் மிகப் பெரிய வழங்கியைக் கைப்பற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் இடாங்கி நிறுவனம் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு 3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடியது. கழுதை போனது, கோவேறு கழுதை நின்றது. காரணம், 2004இல் சேர்ந்த 'கேட்' வலையமைப்பு. மேமௌன்கோவ், மசியேர் இருவரும் 2002இல் வகுத்த கடெம்லியா முறையில், பயனர்களின் கணினிகளே முகவரிப் புத்தகத்தைப் பங்கு போட்டுச் சுமக்கின்றன.

2011 ஜூனில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 10 கோப்புப் பகிர்வுத் தளங்களை முடக்க உத்தரவிட்டது. தளத்தை முடக்கலாம், கேட் வலையமைப்புக்கு முடக்குவதற்கென ஒரு முகவரி கிடையாது. அதற்காக, உழைத்து எடுத்த படத்தைத் திருடிப் பார்ப்பது நியாயமாகிவிடாது. குற்றம் கருவியுடையது அல்ல, பயன்படுத்துபவருடையது.

முதல் குழுவின் கடைசிப் பதிப்பு 0.50அ, 2010இல் வந்தது. அதன்பின் தன்னார்வலர்கள் மூலநிரலை எடுத்து 0.60 முதல் புதிய பதிப்புகளை வெளியிட்டுவருகிறார்கள். சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்து இமியூல் 60 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டுள்ளது.