முள்ளிவாய்க்காலும் காத்தான்குடியும்: ஒரு நினைவு மற்றொன்றை மறைக்கலாமா?

தண்டையார்பேட்டையில் மே 18 நினைவேந்தல் சுவரொட்டியைப் பார்த்த மதரஸா மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், காத்தான்குடிப் பள்ளிவாசலில் நம்மவர்களைச் சுட்டவர்களுக்கா இந்த அஞ்சலி?" என்று நம்மிடம் கேட்டார். பல வீடுகளிலும் எழும் கேள்வி என்பதால் விவரங்களை இங்கே தருகிறோம்.

காத்தான்குடி, 1990

ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. இலங்கையின் கிழக்கே காத்தான்குடியில் மீரா ஜும்ஆ, ஹுஸைனிய்யா ஆகிய இரு பள்ளிவாசல்களில் இஷா தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டனர். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். குற்றச்சாட்டு விடுதலைப் புலிகள் மீது எழுந்தது, அவர்கள் மறுத்தனர். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினர். பலர் புத்தளம் அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். ஆகஸ்ட் 3 அங்கே ஷுஹதாக்கள் தினம்.

முள்ளிவாய்க்கால், 2009

போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு. ராணுவத்தின் குண்டுவீச்சை மட்டுமல்ல, மக்களைப் புலிகள் தடுத்து வைத்ததையும் அக்குழு பதிவு செய்தது. 2022இல் கனடா நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக அறிவித்தது. இலங்கை அரசு இதை ஏற்கவில்லை. அன்று பசியாற்றிய கஞ்சியையே இன்றும் காய்ச்சிக் கொடுத்து நினைவுகூர்கிறார்கள்.

ஒன்றை ஒன்று மறைக்கும்போது

காத்தான்குடியைப் பேசினால் தமிழருக்கு எதிரி என்கிறார்கள் சிலர். முள்ளிவாய்க்காலுக்காக அழுதால் ஷஹீதுகளை மறந்துவிட்டோம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் அநீதியே. முள்ளிவாய்க்காலில் மடிந்த குழந்தைகள் காத்தான்குடியில் யாரையும் சுடவில்லை.

ஒன்றை ஒன்று தாங்கும்போது

கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை இலங்கை அரசு கட்டாயமாக எரித்தது. 2021 பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை சென்ற தமிழர் பேரணி, அதையும் தன் கோரிக்கைகளில் சேர்த்தது. முஸ்லிம்களும் உடன் நடந்தனர். 2024இல் ஸ்ரெப்ரெனிகா முஸ்லிம்களுக்காக ஜூலை 11ஐ நினைவு நாளாக்கும் தீர்மானத்தை ஐ.நா.வில் முன்னெடுத்தவை ஜெர்மனியும் ருவாண்டாவும்: ஒன்று இனப்படுகொலை செய்த நாடு, மற்றொன்று அதை அனுபவித்த நாடு.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக்கூடாது என்பது குர்ஆன் (5:8) தரும் பாடம். அந்த மாணவரிடம் இதையே சொன்னோம்: கொன்றவர்களுக்கு அஞ்சலி வேண்டாம், கொல்லப்பட்டவர்களை மறக்கவும் வேண்டாம். பெற்றோரே, பிள்ளைகளுக்கு இரண்டு தேதிகளையும் சொல்லிக்கொடுங்கள்.